பதினான்கு பாகம், நாலு பேர்: சேர்ந்து படிக்கிறவர்கள் செய்யும் தவறுகள்

அக்கா மகன் போன வாரம் ஒரு நோட்டைக் கொண்டுவந்து காட்டினான். அவனும் கல்லூரி நண்பர்கள் மூன்று பேரும் சேர்ந்து ராபர்ட் ஜோர்டனின் 'தி வீல் ஆஃப் டைம்' என்ற ஆங்கில ஃபேன்டஸி நாவல் தொடரைப் படிக்கப்போகிறார்களாம். நோட்டில் பதினான்கு பாகத்துக்குப் பதினான்கு கட்டம். முதல் ஏழு கட்டத்தில் நாலு பேர் பெயரும் இருந்தது. எட்டிலிருந்து பத்து வரை கட்டத்துக்கு ஒரு பெயர்தான்.

"அதெல்லாம் இழுவை மாமா, எல்லாருமே சொல்றாங்க. ஆளுக்கொண்ணு படிச்சுட்டுக் கதை சொல்லிக்கப் போறோம்."

எனக்கு வயிற்றைப் பிசைந்தது. 2013 ஜனவரியில் கடைசிப் பாகம் வந்த பிறகு, கொழிஞ்சாம்பாறையில் நாங்கள் நாலு பேர் போட்ட பட்டியலும் இதேதான். எங்களுடையது காலண்டர் அட்டையின் பின்பக்கத்தில் இருந்தது, அவ்வளவுதான் வித்தியாசம்.

கடைசிப் பக்கத்தைப் புரட்டிப் பார்ப்பது, இரவல் கொடுத்துத் தொலைப்பது எல்லாம் சொல்லித் தெரியவேண்டியதில்லை. மற்றதைச் சொல்கிறேன்.

முன்கதையிலிருந்து தொடங்குவது

'நியூ ஸ்பிரிங்' என்று ஒரு முன்கதைப் புத்தகம் உண்டு. கதைப்படி அது முதல் பாகத்துக்கு இருபது வருடம் முந்தையது. புத்தகமாக வந்தது 2004இல், பத்தாம் பாகத்துக்குப் பிறகு. அது கைக்கு வந்தபோது தொடரின் வாசகர்கள் பத்துப் பாகம் படித்திருந்தார்கள். அதைக் கையில் எடுத்துக்கொண்டு முதலில் உட்காராதீர்கள்.

பக்க எண் சொல்லிப் பேசுவது

ஒருவனிடம் கோவை உக்கடத்தில் வாங்கிய பழைய பதிப்பு, இன்னொருவனிடம் கிண்டில். அத்தியாய எண்ணைச் சொல்லுங்கள்.

பாகங்களைப் பங்கு போடுவது

இதைத்தான் சொல்ல வந்தேன்.

எட்டு, ஒன்பது, பத்து ஆகிய பாகங்கள் இழுவை என்பது இந்தத் தொடரைத் தொட்டவர்கள் எல்லோருக்கும் காதில் விழுந்திருக்கும். அந்தப் பெயர் வந்ததற்குக் காரணம் உண்டு. எட்டாம் பாகம் 1998இல் வந்தது, ஒன்பது 2000இல், பத்து 2003இல், பதினொன்று 2005இல். இரண்டு மூன்று வருடம் காத்திருந்து வாங்கிய புத்தகத்தில் கதை நாலடிதான் நகர்ந்திருந்தால் கோபம் வரத்தானே செய்யும்? மொத்தச் செட்டும் அலமாரியில் இருக்கிறவனுக்கு அந்தக் கோபம் எதற்கு? நாங்கள் யாரோ பட்ட சலிப்பைக் கடன் வாங்கிக்கொண்டு பட்டியல் போட்டோம்.

எனக்குப் பத்து விழுந்தது. ஒன்பது, மளிகைக்கடை வைத்திருந்த நண்பனுக்கு. ஒரு நாள் பொள்ளாச்சியில் கடைக்குச் சரக்கு எடுத்துக்கொண்டு இரண்டு பேரும் பஸ்ஸில் திரும்பிக்கொண்டிருந்தோம். காலடியில் மிளகாய் மூட்டை. கோபாலபுரம் செக்போஸ்ட் தாண்டியதும் ஒன்பதின் கடைசி அத்தியாயத்தைச் சொல்ல ஆரம்பித்தான். நடுவில் கண்டக்டர் வந்து மூட்டைக்குத் தனி டிக்கெட் என்றார். அந்தப் பேரம் முடிந்ததும் "எங்கடா விட்டேன்?" என்று என்னிடமே கேட்டான். எல்லாம் சேர்த்து மூன்று நிமிடம் இருக்கும். என்ன நடந்தது என்று இங்கே எழுதமாட்டேன். முதல் பாகத்திலிருந்தே கதைக்கு அடியில் கிடக்கும் ஒரு முடிச்சு அங்கேதான் அவிழ்கிறது. எனக்கு அது "அப்புறம் எல்லாம் சரியாயிடுச்சுடா" என்று வந்து சேர்ந்தது.

கொடுமை இனிமேல்தான். பத்தாம் பாகத்தின் பெரும்பகுதி, அதே சமயத்தில் மற்றவர்கள் எங்கெங்கே என்ன செய்துகொண்டிருந்தார்கள் என்பதுதான். தூரத்தில் ஏதோ பெரிதாக நடக்கிறது என்று ஒவ்வொருவராகத் திரும்பிப் பார்க்கிறார்கள், மிரள்கிறார்கள். எதைப் பார்த்து மிரள்கிறார்கள் என்று எனக்குத் தெரியும். எனக்குத்தான் ஒன்றும் ஆகவில்லை. கல்யாணத்துக்குப் போகாதவன் ஆல்பத்தைப் புரட்டுகிற மாதிரி அறுநூறு பக்கத்துக்கு மேல் புரட்டினேன். முடித்துவிட்டு, பத்து சுத்த இழுவை என்று மற்ற மூன்று பேருக்கும் கதையையும் சுருக்கமாகச் சொல்லிவிட்டேன். அந்தப் பாவம் என்னுடையது.

எங்கள் பாலக்காட்டுப் பக்கத்துப் பகவதி கோயில்களில் தோல்பாவைக்கூத்து பார்த்திருப்பீர்கள். கூத்துமாடத்தில் திரைக்குப் பின்னால் 21 விளக்கு, கம்பன் பாட்டு, பாட்டுக்கு விளக்கம். சில கோயிலில் 7 ராத்திரி, சில இடத்தில் 21, சில இடத்தில் 41 ராத்திரிகூட உண்டு. ராம ராவண யுத்தம் நடந்தபோது பத்ரகாளி தாரிகன் என்ற அசுரனோடு சண்டையில் இருந்தாளாம், அதனால் அதைப் பார்க்க முடியாமல் போய்விட்டது, கூத்து அவளுக்காகத்தான் என்பது ஐதீகம். பின்னிரவில் எதிரே ஓர் ஆள்கூட இருக்கமாட்டார். புலவர் பாடிக்கொண்டேதான் இருப்பார். யாரும் அவளிடம் போய் "ராமன் ஜெயிச்சுட்டான் தாயே" என்று சொல்லிவிட்டுக் கிளம்பிவிடவில்லை.

பதினொன்றில் நாலு பேரும் மறுபடி ஒரே புத்தகத்துக்கு வந்தபோது பேச்சு ஒட்டவில்லை. எட்டைப் படித்தவனுக்கு ஒரு பாத்திரத்தின் மேல் தனிப் பரிவு இருந்தது. எங்களுக்கு அது வெறும் பெயர். இந்தத் தொடரில் பெயர் உள்ள பாத்திரங்களே இரண்டாயிரத்துக்கு மேல். கதை சொல்கிறவன் அதில் எத்தனை பேரைச் சொல்வான்? தனக்குப் பிடித்த நாலு பேரைச் சொல்வான். பன்னிரண்டு முடிவதற்குள் இரண்டு பேர் கழன்றுகொண்டார்கள். புத்தகம் பிடிக்காமல் போனார்கள் என்று ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஒன்பதைப் பிற்பாடு தனியாக எடுத்துப் படித்தேன். நன்றாகத்தான் இருந்தது. ஆனால் கடைசி அத்தியாயத்தில் இன்றைக்கும் எனக்கு மிளகாய் நெடி அடிக்கிறது.

சலிப்புத் தட்டினால் நாலு பேரும் சேர்ந்து ஒரு மாதம் நிறுத்துங்கள். இல்லை, அந்த மூன்று பாகத்தையும் நாலு பேருமே கொஞ்சம் ஓட்டமாகப் படியுங்கள். பங்கு மட்டும் வேண்டாம்.

வாரக் கணக்கை உற்சாகத்தில் போடுவது

மொத்தம் சுமார் 12,000 பக்கம். வாரம் முந்நூறு என்று ஆரம்பிப்பீர்கள். மூன்றாம் வாரமே ஒருவர் வீட்டில் வளைகாப்பு வரும், இன்னொருவருக்குப் பரீட்சை வரும். வாரம் நூறு என்றால் 120 வாரம், அதாவது இரண்டேகால் வருடத்துக்கு மேல். கேட்கும்போது மலைப்பாகத்தான் இருக்கும். ஆனால் பின்தங்கியவன் எட்டிப் பிடித்துவிடக்கூடிய வேகம் அதுதான். முந்நூறில் ஒரு வாரம் தவறியவன் அடுத்த கூட்டத்துக்கு வராமலிருக்கக் காரணம் தேடுவான்.

உச்சரிப்புக்குச் சண்டை போடுவது

கதையின் முக்கியப் பெண் பாத்திரம் ஒருத்தியின் பெயரை (Nynaeve) நாங்கள் நாலு பாகம் வரைக்கும் 'நைனவே' என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தோம். எங்களில் ஒருவன் மலையாள மீடியத்தில் படித்தவன், அவன் வாயில் அது வேறொன்றாக வரும். அதற்கே ஒரு சாயங்காலம் போயிருக்கிறது. நைநீவ் என்று சொல்லவேண்டுமாம். புத்தகத்தின் பின்னாலுள்ள அருஞ்சொல் பட்டியலிலேயே உச்சரிப்பு போட்டிருக்கிறது.

பெயரை வலையில் தேடுவது

தேடாதீர்கள். இரண்டெழுத்து அடிப்பதற்குள் 'மரணம்' என்று கீழே வந்து நிற்கும்.

பதினொன்றோடு நிறுத்துவது

ஜோர்டன் 2007இல் இறந்துபோனார். அவர் விட்டுச்சென்ற குறிப்புகளை வைத்துக் கடைசி மூன்று பாகத்தையும் எழுதியவர் பிராண்டன் சாண்டர்சன். நடை மாறுவது தெரியும், முக்கியமாக மேட் என்ற பாத்திரம் பேசுகிற இடங்களில். ஐம்பது பக்கத்தில் பழகிவிடும்.

டிவி தொடரைப் பக்கத்திலேயே ஓடவிடுவது

முடித்துவிட்டுப் பாருங்கள். 2021இல் தொடங்கி மூன்று சீசனோடு நின்றுபோனது. புத்தகக் கணக்கில் நாலாம் பாகத்தைச் சுற்றித்தான் இருக்கிறது.