மனு அல்ல, மதிப்பீடு

ஐப்பசி அடைமழை பிடித்தால் எங்கள் தெருமுனைப் பூங்கா குளமாகிவிடும். வைகைக்கு வடக்கே, மேடாக இருக்கும் பகுதி என்று பெயர்தான். தேங்கும் மழைநீரை மண்ணுக்குள் இறக்க ஓர் உறைகிணறு வேண்டும் என்று அரசின் நமக்கு நாமே திட்டத்தில் விண்ணப்பித்தேன். மொத்தச் செலவில் மூன்றில் ஒரு பங்கை மக்கள் போட்டால் மீதியை அரசு தரும்.

முதல் விண்ணப்பம் திரும்பி வந்தது. தப்பு என்னுடையது. இரண்டு பக்கத்துக்குப் புலம்பியிருந்தேன். ஓர் எண்கூட இல்லை.

ஓய்வுபெற்ற ஓவர்சியர் அண்ணன் ஒருவர் படித்துவிட்டுச் சிரித்தார். “தம்பி, தண்ணீர் தேங்குகிறது என்பது அவர்களுக்கும் தெரியும். எவ்வளவு தேங்குகிறது, எங்கே போகும்? அதைச் சொல்லுங்கள்.”

அளந்தோம். பூங்காவுக்கு வடியும் கூரையும் தளமும் 600 சதுர மீட்டர். 50 மில்லிமீட்டர் மழைக்கு 30,000 லிட்டர். பிறகு மூன்றடிக் குழி வெட்டித் தண்ணீர் ஊற்றி, கடிகாரத்தோடு உட்கார்ந்தோம். மேலே கரிசல், மறுநாள் காலையிலும் பாதித் தண்ணீர் அப்படியே நின்றது. கரிசலைத் தாண்டிச் சரளை வரை தோண்டியபின் கடகடவென இறங்கியது. இந்தச் சோதனை இல்லாமல் கிணறு இறக்கியிருந்தால் கொசுவுக்குத்தான் வீடு கட்டியிருப்போம்.

புல எண், வரைபடம், மதிப்பீடு, ஆண்டுதோறும் வண்டல் அள்ளுவது யார் என்ற உறுதிமொழி எல்லாம் சேர்த்தேன். பங்குத் தொகை வசூலிக்கத்தான் நாக்குத் தள்ளியது. எல்லாருக்கும் கடைசியாகத் தந்தவர்கள் மாடி வீட்டுக்காரர்கள்தான்.

அனுமதி வந்தது. சுற்றிலும் வெட்டிவேர் நட்டிருக்கிறோம்.