ஒரே பள்ளியில் இரண்டு பிள்ளைகள்: நிகழ்ச்சி நாட்களைச் சமாளிக்கும் முறை

எங்கள் வீட்டில் மகள் ஐந்தாம் வகுப்பு, மகன் இரண்டாம் வகுப்பு. பாளையங்கோட்டையில் இருவருக்கும் ஒரே தொடக்கப் பள்ளி, ஒரே ஆட்டோ. "ஒரே பள்ளிதானே, உனக்கு என்ன சிரமம்?" என்று கேட்பார்கள். ஒரே பள்ளி என்பதால்தான் இரண்டு பேருக்கும் எல்லாம் ஒரே நாளில் வந்து நிற்கிறது. இந்த வருஷம் சின்னதையும் அதே பள்ளியில் சேர்த்திருப்பவர்களுக்காக, எனக்குச் சரிப்பட்டு வந்ததை வரிசையாகச் சொல்கிறேன்.

முதல் வேலை: மாதக் காலண்டர்

பெரிய கட்டம் போட்ட மாதக் காலண்டர் ஒன்றை அடுக்களைச் சுவரில், பிள்ளைகளின் கண்ணுக்கு எட்டும் உயரத்தில் மாட்டுங்கள். தினமும் தாள் கிழிக்கும் காலண்டர் இதற்கு உதவாது, அடுத்த வாரம் கண்ணில் படாது. அக்காவுக்குச் சிவப்புப் பேனா, தம்பிக்கு நீலம்.

மாறாத நாட்களை முதலில் குறியுங்கள்: ஆகஸ்ட் 15, ஆசிரியர் தினமும் வ.உ.சி. பிறந்த நாளும் சேர்ந்து வரும் செப்டம்பர் 5, குழந்தைகள் தினமான நவம்பர் 14, பாரதியார் பிறந்த நாளான டிசம்பர் 11, ஜனவரி 26. அப்புறம் காலாண்டு, அரையாண்டுத் தேர்வுகள், நெல்லையப்பர் கோயில் ஆனித் தேரோட்ட விடுமுறை. ஐப்பசி, கார்த்திகையில் வரும் போட்டிகளை மட்டும் பென்சிலில் எழுதுங்கள். மழை விடுமுறை விட்டால் தேதி தள்ளிப் போகும்.

இரண்டாவது: இரண்டு டைரி, இரண்டு முறை

சாயங்காலம் பையைத் திறந்ததும் இரண்டு டைரியையும் தனித்தனியாகப் படியுங்கள். வாட்ஸ்அப்பில் வரும் வகுப்புச் செய்தியையும் அப்போதே காலண்டருக்கு மாற்றிவிடுங்கள். பெரிய பிள்ளையைத் தூது ஆளாக்க வேண்டாம். இதை அழுத்திச் சொல்கிறேன்.

போன வருஷம் தம்பி வகுப்பு மாறுவேடப் போட்டி பற்றி மகளிடம் வாய்மொழியாகச் சொல்லியனுப்பியிருந்தார்கள். அன்று அவளுக்குக் கணக்குப் பரீட்சை, மறந்துவிட்டாள். கட்டபொம்மன்களுக்கும் நேருக்களுக்கும் நடுவே என் மகன் மட்டும் யூனிஃபார்மில் நின்றான். வீட்டுக்கு வந்து அழவில்லை. "எம்மா, நாளைக்குப் போட்டுட்டுப் போகட்டுமா?" என்று கேட்டான். அதைக் கேட்டு மகள்தான் அழுதாள். பத்து வயதுப் பிள்ளையின் தலையில் அந்தப் பாரத்தை வைத்தது என் தவறு. மறுநாளே வகுப்பு ஆசிரியையைப் பார்த்து, செய்தி எதுவானாலும் தம்பி டைரியிலேயே எழுதச் சொல்லிக் கேட்டுக்கொண்டேன்.

மூன்றாவது: ஒரு பருவத்துக்கு ஆளுக்கு ஒரு போட்டி

எந்தப் போட்டி வேண்டும் என்று ஒவ்வொருவரையும் தனியாகக் கேளுங்கள். சேர்த்துக் கேட்டால் அக்கா சொன்னதையே தம்பியும் சொல்வான்.

நான்காவது: விழாப் பை

ஒரு துணிப்பையில் கறுப்பு கோட், வெள்ளைத் துண்டு, கண்மை, ஊக்கு, சார்ட் பேப்பர், ஸ்கெட்ச் பேனா எல்லாம் எப்போதும் இருக்கட்டும். இரவு ஒன்பது மணிக்குக் கடை தேடி மார்க்கெட்டுக்கு ஓட வேண்டியதில்லை.

நம்ம ஊர்ப் பள்ளிகளில் பாரதி வேஷம் வராத வருஷமே இல்லை. அவர் திருநெல்வேலி டவுன் இந்துக் கல்லூரிப் பள்ளியில் படித்தவராயிற்றே. முண்டாசைக் காலையில் பிள்ளையின் தலையில் கட்டப் பார்க்காதீர்கள், நெளிந்துகொண்டே இருப்பான். முந்தின இரவே அவன் தலையளவுக்கு ஒரு பாத்திரத்தைக் கவிழ்த்து, துண்டை நீளவாக்கில் மடித்து, சுற்றிக் கட்டி, ஒரு முனையைப் பின்பக்கம் தொங்கவிடுங்கள். மடிப்புகளை ஊசி நூலால் நாலு இடத்தில் தைத்துவிட்டால் தொப்பி போலக் கழற்றி மாட்டலாம். அடுத்த வருஷமும் ஆகும்.

ஐந்தாவது: இரண்டும் ஒரே நேரத்தில் வந்தால்

விளையாட்டு விழாவில் அவனுக்குத் தவளை ஓட்டம், அவளுக்கு கோகோ, இரண்டும் பத்து மணிக்கு என்றால் இரண்டு நாள் முன்பே இரு வகுப்பு ஆசிரியர்களிடமும் சொல்லுங்கள். ஒரே பள்ளியில் இருப்பதன் பெரிய வசதி இதுதான்: அவர்களே பேசி வரிசையை முன்னே பின்னே மாற்றித் தர வாய்ப்பு உண்டு. மாற்ற முடியாவிட்டால் ஒருவருக்கு நீங்கள், மற்றவருக்கு அப்பாவோ ஆச்சியோ போங்கள். யாருக்கு யார் போனார்கள் என்பதைக் காலண்டரில் அந்தக் கட்டத்திலேயே எழுதி, அடுத்த முறை மாற்றிப் போங்கள். நமக்கு மறந்தாலும் பிள்ளைகளுக்கு மறக்காது. "போன தடவையும் நீ தம்பிக்குத்தான் வந்த" என்று மகள் மெதுவாகச் சொன்ன பிறகுதான் எழுதத் தொடங்கினேன்.

ஆறாவது: ஒத்திகை நாள்

ஆண்டு விழா நடன ஒத்திகை நாலு மணிக்கு மேல் நடக்கும். அதற்காகச் சின்னவனை மரத்தடியில் காத்திருக்க வைக்காமல் வழக்கமான ஆட்டோவிலேயே அனுப்பிவிடுங்கள். ஆட்டோ அண்ணாச்சியிடம் முந்தின இரவே போன் செய்து, "நாளைக்குத் தம்பி மட்டும்தான் வருவான்" என்று சொல்லுங்கள். இல்லையென்றால் அக்காவைத் தேடி வாசலில் நின்றுகொண்டிருப்பார்.