வெள்ளைத் தட்டில் ஒரு பிளம் கிளை: காகியேமோன் பாணியில் வரைவது எப்படி?

ஜப்பானின் கியூஷூ தீவில் உள்ள அரிட்டா ஊரில் 17-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்து பீங்கான் செய்து வருகிறார்கள். சுட்டெடுத்த பளபளப்பான பீங்கானின் மேல் பல வண்ணங்களில் வரையும் வேலையை 1640-களில் அங்கே தொடங்கிவைத்தவர் சகைதா காகியேமோன் என்பார்கள். அவர் பெயரால் அறியப்படும் பாணியில் எனக்கு மிகவும் பிடித்தது, வரையாமல் விட்ட இடம்தான். தட்டில் பாதிக்கு மேல் வெறும் வெள்ளையாக இருக்கும். பூவும் கிளையும் ஒரு ஓரமாக ஒதுங்கி நிற்கும். அதே முறையில் நாமும் ஒரு பிளம் கிளை வரையலாம்.

தேவையானவை: ஓவியம் எதுவும் இல்லாத வெள்ளைப் பீங்கான் தட்டு, வீட்டு ஓவனில் சுடக்கூடிய பீங்கான் பெயின்ட் (கறுப்பு, செம்மஞ்சள், நீலம், மஞ்சள், காவி), மெல்லிய தூரிகை ஒன்று, சற்றுப் பருத்தது ஒன்று, டிரேசிங் தாள், 6பி பென்சில், ஸ்பிரிட், இயர் பட்ஸ்.

1. துடைப்பது. சோப்புப் போட்டுக் கழுவிக் காயவைத்து, ஸ்பிரிட்டால் துடையுங்கள். அப்புறம் வரையும் இடத்தில் விரல் படக்கூடாது. எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் பெயின்ட் ஒட்டாது.

2. இடம் பிரிப்பது. தட்டின் அளவுக்கு டிரேசிங் தாளில் ஒரு வட்டம் போடுங்கள். கிளை இடப்பக்க விளிம்பில் தொடங்கி மேல்நோக்கி வளையட்டும். நடுப்பகுதிக்கு வரவே வேண்டாம். வலப்பக்கம் காலியாகத் தெரிகிறதே என்று கை துறுதுறுக்கும். அங்கே ஒரு மொட்டு வேண்டுமானால் வைக்கலாம், அதற்கு மேல் வேண்டாம்.

3. கிளையும் பூவும். பிளம் மரத்தின் பழைய கிளை நேராகப் போகாது; முழங்கை மடங்குவதுபோல் திரும்பித் திரும்பிப் போகும். அதிலிருந்து கிளம்பும் இளங்கொம்புகள் மட்டும் குச்சிகுச்சியாக நிமிர்ந்து நிற்கும். இந்த இரண்டும் சேர்ந்தால்தான் பிளம் என்று தெரியும். பூவுக்கு ஐந்து உருண்டை இதழ்கள். இதழ் நுனியில் பிளவு போட்டுவிட்டால் அது செர்ரிப் பூவாகிவிடும். நடுவில் மகரந்தத் தாள்களை நுண்கோடுகளாக இழுத்து, நுனியில் புள்ளி வையுங்கள். எல்லாப் பூவும் நம்மைப் பார்க்க வேண்டாம். ஒன்று பக்கவாட்டில் திரும்பட்டும், இரண்டு மொட்டாக இருக்கட்டும்.

இலை மட்டும் வரையாதீர்கள். குளிர்காலக் கடைசியில், இலை துளிர்க்கும் முன்பே பிளம் பூத்துவிடும். இந்தத் தட்டுகளில் பருவம் பொய்யாக இருக்காது. காடைப் பறவை வந்தால் கூடவே இலையுதிர்காலத் தினைக்கதிர் வரும். பிளம்முக்குத் துணை வேண்டுமென்றால், குளிரிலும் வாடாத பைனும் மூங்கிலும் சேர்வார்கள்.

4. படியெடுப்பது. அரிட்டா வட்டாரத்தில் சுரைக்காய்க் கரியால் மெல்லிய தாளில் வரைந்து, அதைப் பாத்திரத்தின் மேல் அழுத்தித் தேய்த்து வடிவத்தை இறக்குவார்கள். ஒரே தாளிலிருந்து பல பாத்திரங்களுக்குப் படியெடுக்கலாம். நாம் டிரேசிங் தாளின் பின்புறம் பென்சிலை அடர்த்தியாகப் பூசி, தட்டின் மேல் ஒட்டி, முன்புறக் கோடுகளின் மேல் அழுத்தி வரைந்தால் போதும்.

5. கோடு. கிளைக்குக் கறுப்பு, பூவுக்குச் செம்மஞ்சள். மெல்லிய தூரிகையால் ஒரே இழுப்பில் போடுங்கள். கோணினால் ஈரமான இயர் பட்ஸால் துடைத்துவிட்டு மறுபடி வரையலாம். ஒரு இரவு காயட்டும். ஈரக்கோட்டின் மேல் நிறம் பட்டால் கலைந்துவிடும்.

6. நிறம். மூலத் தட்டுகளில் நீலமும் பச்சையும் மஞ்சளும் கண்ணாடிபோல் ஒளி ஊடுருவும். அடியிலுள்ள கோடு மேலே தெரியும். அதனால் பெயின்டை நீர்க்க வைத்துக்கொண்டு கிளைக்கு நீலத்தை ஒரே பூச்சாகப் பூசுங்கள். இரண்டு மூன்று பூக்களுக்குச் செம்மஞ்சள், மகரந்தப் புள்ளிகளுக்கு மஞ்சள். மற்ற பூக்களை வெள்ளையாகவே விட்டுவிடுங்கள். கடைசியாக விளிம்பில் மெல்லிய காவிக் கோடு. தூரிகையை அசைக்காமல் பிடித்துக்கொண்டு தட்டைச் சுழற்றினால் கோடு சீராக விழும்.

7. சுடுவது. அரிட்டாவில் இந்த மேல்வண்ணத்துக்கு ஏறக்குறைய 800 டிகிரி சூளை வேண்டும். நம் பெயின்டுக்குப் பெரும்பாலும் 150 டிகிரி போதும். புட்டியில் போட்டிருக்கும் சூட்டையும் நேரத்தையும் பின்பற்றுங்கள். முழுநாள் காய்ந்த தட்டைக் குளிர்ந்த ஓவனில் வைத்து, அப்புறம் சூடேற்றுங்கள். உரிய சூடு வந்தபின் நேரத்தைக் கணக்கிடுங்கள். அணைத்ததும் வெளியே எடுத்தால் தட்டு விரிசல் விடலாம், உள்ளேயே ஆறட்டும். மிச்சமிருக்கும் பென்சில் தடத்தை ஈரத்துணியால் துடைத்துவிடுங்கள். இதில் சாப்பாடு பரிமாற வேண்டாம், அலங்காரத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்.