கோல்ட் சீப் பார்க்க ஆர்ஓவி இறக்கும்போது பண்ணக்கூடாத தப்புங்க

குளச்சல், முட்டம் பக்கத்துல இருந்து கடல் ஆராய்ச்சி படிக்கப் போற பிள்ளைங்க சிலபேரு, ஆர்ஓவி (கப்பல்ல இருந்து கேபிள் வழியா ஓட்டுற ஆளில்லாத நீர்மூழ்கி வண்டி) இறக்குறப்போ எதெல்லாம் பண்ணக்கூடாதுன்னு கேட்டாங்க, அதான் எழுதுறேன். கோல்ட் சீப்னா ஆழ்கடல் தரையில இருந்து மீத்தேன் கசியுற இடம். கோல்ட்னு பேரு இருக்குறதால ஐஸ் மாதிரி இருக்கும்னு நெனச்சு டெம்பரேச்சர் சென்சார வச்சு தேடாதீங்க, அது சுத்தி இருக்குற தண்ணி அளவுக்குத்தான் இருக்கும், கொதிக்குற வெந்நீர் ஊத்துல இருந்து பிரிச்சு சொல்லத்தான் அந்தப் பேரு. முதல்ல கப்பல்ல இருந்தே சோனார் (ஒலி அலை அனுப்பி எதிரொலியில பாக்குற கருவி) அடிச்சு குமிழி மேல எழும்புற தடத்த கண்டுபிடிங்க, அப்புறம் இறக்குங்க.

நம்ம ஊர்ல நீவாடு (கடல் நீரோட்டம்) எந்தப் பக்கம்னு பாக்காம யாரும் வலைய விட மாட்டாங்க இல்லியா, ஆர்ஓவிக்கும் அதேதான். நீவாட்டுக்கு எதிர மூஞ்சிய வச்சு மெதுவா போனா கிளம்புற சேறு பின்னாடி போயிடும். நான் முதல்தடவ கண்ட்ரோல் ரூம்ல உக்காந்தப்போ அவசரத்துல நேரா தரையில இறக்கிட்டோம், அப்புறம் ரொம்ப நேரத்துக்கு ஸ்கிரீன்ல சாம்பல் புகைதான். கப்பலோட ஜிபிஎஸ்ஸ ஆர்ஓவி இருக்குற இடம்னு எழுதி வைக்குறதும் பெரிய தப்பு, ஜிபிஎஸ் சிக்னல் கடலுக்குள்ள போகாது, ஒலி வச்சுதான் இடத்த கணக்குப் போடணும், அதுக்கு தண்ணியில ஒலி போற வேகத்த முன்னாடியே அளந்திருக்கணும்.

ஒருதடவ போய் குமிழி வரலன்னா சீப் செத்துடுச்சுன்னு முடிவு கட்டாதீங்க. வத்தம் ஏத்தம் (கடல் தண்ணி இறங்குறதும் ஏறுறதும்) பொறுத்து தரையில அழுத்தம் மாறும், தண்ணி வத்துனா குமிழி கூடுற இடங்க உண்டு. வெள்ளையா பாக்டீரியா படலம், சிப்பிக் கூட்டம், மீத்தேனால உண்டான சுண்ணாம்புப் பாறை இருக்கான்னும் பாக்கணும்.

ரொம்ப ஆபத்தான தப்பு ஹைட்ரேட்டுல. அந்த ஆழத்துல அழுத்தமும் குளிரும் சேர்ந்து மீத்தேனும் தண்ணியும் ஐஸ் மாதிரி உறைஞ்சிடும். 2010-ல மெக்சிகோ வளைகுடா எண்ணெய்க் கசிவுல சுமார் 1500 மீட்டர் ஆழத்துல இறக்குன பெரிய மூடியே இந்த ஹைட்ரேட்டால அடைச்சுப் போச்சு, நீங்க குமிழி பிடிக்க கொண்டு போற சின்ன புனல் எம்மாத்திரம். அது தண்ணிய விட லேசு வேற, ஆர்ஓவி அடியில ஒட்டுனா வண்டிய மேல தூக்கும். 1 கன மீட்டர் ஹைட்ரேட் உருகுனா சுமார் 160 கன மீட்டர் கேஸ், அதனால வாயு வெளியேற வழியில்லாத சாதாரண டப்பாவுல பூட்டி மேல கொண்டு வரவே வராதீங்க, வெடிச்சிடும். அழுத்தம் தாங்குறதுக்குன்னே செஞ்ச குழாய் இருக்கு.

சீப்புல குழாய்க்குள்ள வாழுற குழாய்ப் புழுவ ஆர்ஓவியோட இயந்திரக் கையால கொத்தா பிடுங்குறத பாத்தா எனக்கு வயிறு எரியும். மெக்சிகோ வளைகுடாவுல ஒரு வகை 2 மீட்டர் வளர 170-ல இருந்து 250 வருஷம் ஆகுது. இடைவெளி தெரிஞ்ச லேசர் புள்ளி ரெண்டு போட்டு படம் எடுத்தாலே நீளம் கணக்குப் போட்டுடலாம், ஒண்ணு ரெண்டு எடுத்தா போதும்.

சாம்பிள் எடுக்குற வரிசையும் முக்கியம், முதல்ல வீடியோ, அப்புறம் தண்ணி, அதுக்கப்புறம்தான் சேறும் உயிரும், மாத்தி செஞ்சா கலங்குன தண்ணியத்தான் அளப்பீங்க. மேல வந்ததும் சேறு எடுத்த குழாய படுக்க வைக்காம நிமிர்த்தியே குளிர் ரூமுக்கு கொண்டு போங்க, டெக் வெயில்ல வச்சுட்டு டீ குடிக்கப் போகாதீங்க.