நோயியல் துறையில் சக ஊழியர்களைப் பாராட்டும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

பல்கலைக்கழக நோயியல் துறைகளில் பாராட்டுக் குழுவின் பொறுப்பு பெரும்பாலும் புதிதாகச் சேர்ந்த உதவிப் பேராசிரியர் ஒருவரிடம்தான் வந்து சேரும். அவரும் உற்சாகமாகத் தொடங்குவார். அறிவிப்புப் பலகையில் புகைப்படங்கள் ஏறும், மாதக் கூட்டத்தில் கைதட்டல் கேட்கும், செய்திமடலில் ஒரு பக்கம் ஒதுக்கப்படும். சில மாதங்கள் கழித்துப் பார்த்தால் கைதட்டுகிறவர்களின் முகத்தில் சலிப்பு இருக்கும். எங்கே பிசகியது என்று அவருக்குப் புரியாது. எங்கள் தலைமுறையும் இதே இடங்களில்தான் இடறியது. அடுத்து வருகிறவர்களும் அங்கேயே இடறுவதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை.

பெயரைத் தப்பாக அச்சிடுவது, விழா நாளில் சான்றிதழ் தயாராக இல்லாமல் போவது போன்றவற்றை இங்கே பேசப்போவதில்லை. அவை தவறு என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

கட்டுரையும் நிதியும் மட்டுமே சாதனை என்று எண்ணுவது

ஆய்வுக் கட்டுரை, ஆய்வு நிதி, மாநாட்டு விருது ஆகியவைதான் முதலில் கண்ணில் படும். இவற்றுக்குத் தேதி உண்டு, ஆவணம் உண்டு, பட்டியல் போடுவது எளிது. பிளாக்கில் (திசுவைப் பதித்த மெழுகுக் கட்டி) மிச்சமிருக்கும் கடுகளவு திசுவை வீணாக்காமல், குறிப்பிட்ட புரதங்களைக் காட்டும் அத்தனை இம்யூனோ சாயங்களுக்கும் போதுமான சீவல்களை வெட்டிக் கொடுக்கும் டெக்னீஷியனின் வேலைக்கு எந்த ஆவணமும் கிடையாது. அந்தச் சீவல்கள் இல்லாமல் நோயாளிக்குச் சரியான மருந்து முடிவாகாது.

இந்தப் பாரபட்சம் நம் துறை அளவுக்கே பழையது. கிருமிகளை வளர்க்க, கடற்பாசியிலிருந்து எடுக்கும் அகாரைப் பயன்படுத்தலாம் என்று யோசனை சொன்னவர் ஃபேன்னி ஹெஸ்ஸே. நுண்ணுயிரியலாளர் ராபர்ட் கோக்கின் ஆய்வகத்தில் பணிபுரிந்த வால்தர் ஹெஸ்ஸேயின் மனைவி அவர். கணவரின் ஆய்வுகளுக்கு உதவியாளராகவும், படம் வரைபவராகவும் இருந்தவர். அதுவரை பயன்படுத்திய ஜெலட்டின் உடல் வெப்பநிலையில் உருகிவிடும், அகார் உருகாது. 1882இல் காசநோய்க் கிருமி பற்றி எழுதியபோது கோக் அகாரைக் குறிப்பிட்டார், ஹெஸ்ஸே தம்பதியைக் குறிப்பிடவில்லை. 1887இல் மூடியுள்ள கண்ணாடித் தட்டைப் பற்றி எழுதிய கோக்கின் உதவியாளர் பெட்ரியின் பெயரையோ 'பெட்ரி தட்டு' என்று இன்றும் மாணவர்கள் தினமும் உச்சரிக்கிறார்கள். கருப்பை வாய்ப் புற்றுநோயைக் கண்டறியும் பாப் ஸ்மியர் பரிசோதனையில் ஜார்ஜ் பாபனிகோலாவின் பெயர் இருக்கிறது. ஆய்வகத்தில் அவருக்கு டெக்னீஷியனாக ஆண்டுக்கணக்கில் உழைத்து, தம் உடலிலிருந்தே தொடர்ந்து மாதிரி கொடுத்த மனைவி மேரியின் பெயர் எத்தனை பேருக்குத் தெரியும்?

இன்றைய விதிகளிலும் ஒரு சிக்கல் உண்டு. மருத்துவ இதழாசிரியர்களின் சர்வதேசக் குழு வகுத்த நெறிப்படி, ஆசிரியர் பட்டியலில் இடம்பெற 4 நிபந்தனைகளையும் ஒருவர் நிறைவேற்ற வேண்டும். தொழில்நுட்ப உதவி மட்டும் செய்தவர் நன்றியுரையில்தான் வருவார். விதியைக் குறை சொல்லவில்லை. ஆனால் துறையின் பாராட்டுப் பலகையும் ஆசிரியர் பட்டியலையே அப்படியே நகலெடுத்தால், அந்த டெக்னீஷியனுக்கு வேறு எங்கேதான் இடம்? கட்டுரை வெளியானதை அறிவிக்கும்போது பிளாக் தேடியவர், சீவல் வெட்டியவர், சாயத்தைச் சீர்செய்தவர் எல்லோருடைய பெயரும் அதே வரியில் வரட்டும்.

இன்னொன்று, இதழின் தாக்கக் காரணி எண்ணை (அதன் கட்டுரைகள் சராசரியாக எத்தனை முறை மேற்கோள் காட்டப்படுகின்றன என்ற கணக்கு)ப் பெயருக்குப் பக்கத்தில் போடாதீர்கள். அது இதழைப் பற்றிய எண், எழுதியவரைப் பற்றியது அல்ல. தனி ஆய்வாளரை எடைபோட அதைப் பயன்படுத்தக் கூடாது என்று 2012இன் சான் பிரான்சிஸ்கோ பிரகடனம் தெளிவாகவே சொல்லிவிட்டது.

ஆய்வகத்துக்குள் விருந்து

திசுவைப் பதப்படுத்தும் ஃபார்மலின் புற்றுநோய் உண்டாக்கும் பொருள். வேறு அறைக்குப் போங்கள்.

வேகமான ரிப்போர்ட்டுக்குப் பரிசு

ரிப்போர்ட் எவ்வளவு நேரத்தில் போகிறது என்பதை அளப்பது அவசியம். அதற்குக் கோப்பை கொடுப்பதுதான் பிரச்சினை. மார்பகப் புற்றுநோய்த் திசுவில் சிகிச்சையை முடிவு செய்ய உதவும் ஹார்மோன் ஏற்பி, ஹெர்2 சோதனைகள் நம்பகமாக இருக்க, திசு ஃபார்மலினில் 6 மணி நேரத்துக்குக் குறையாமலும் 72 மணி நேரத்துக்கு மிகாமலும் இருக்க வேண்டும். எலும்பிலிருந்து கால்சியம் நீங்க நாட்கள் ஆகும். திசுவை அவசரப்படுத்த முடியாது. வேகத்துக்குப் பரிசு வைத்தால், அவசரப்படக்கூடாத இந்த இடங்களில்தான் கை அவசரப்படும்.

மருத்துவர்களிடமும் இது நடக்கும். சந்தேகமான ஸ்லைடை இன்னொருவரிடம் காட்டுகிறவர், கூடுதல் சாயம் கேட்கிறவர், சிகிச்சை மருத்துவரைத் தொலைபேசியில் அழைத்துப் பேசுகிறவர் எல்லோரும் பட்டியலில் பின்தங்குவார்கள். அவர்கள்தான் முன்னால் நிற்க வேண்டியவர்கள்.

பிழையே இல்லாத பிரிவுக்குப் பரிசு

இதை எழுத உட்கார வைத்ததே இந்தத் தவறுதான். அண்மையில் ஓர் இளம் பேராசிரியர் இந்தத் திட்டத்தைப் புத்தம்புதிய யோசனையாக என்னிடம் விவரித்தபோது பழைய கோபம் அப்படியே திரும்பி வந்தது.

திட்டம் இதுதான். மாதிரி வாங்கும் இடம், திசுவைக் கண்ணால் பார்த்து வெட்டும் கிராசிங் மேசை, அதை மெழுகில் பதிக்கும் எம்பெடிங், மெல்லிய சீவலாக வெட்டும் மைக்ரோடோம், சாயமேற்றல், தட்டச்சு என்று ஒவ்வொரு பிரிவிலும் ஒரு பிழைப் பதிவேடு இருக்கும். மாதக் கடைசியில் எந்தப் பிரிவில் பதிவு குறைவோ, அந்தப் பிரிவுக்குச் சுழற்கோப்பை. கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கும்.

நான் முன்பு வேலை பார்த்த ஒரு துறையில் இதை நடத்தினார்கள். முதல் மாதம் வழக்கமான பதிவுகள் இருந்தன. அப்புறம் மளமளவென்று குறைந்தன. துறைக் கூட்டத்தில் கீழே இறங்கும் கோட்டைத் திரையில் காட்டினார்கள், எல்லோரும் கைதட்டினார்கள். நாள் முழுக்க நூற்றுக்கணக்கான பிளாக்குகள் கைமாறும் இடத்தில் ஒரு லேபிள்கூட மங்கவில்லை, திசு வைக்கும் சிறு பெட்டியான கேசட் ஒன்றின் எண்கூட மாறவில்லை, தண்ணீர்த் தொட்டியில் மிதந்த பழைய திசுத் துணுக்கு ஒன்றுகூட அடுத்த ஸ்லைடில் ஒட்டவில்லை என்றால் அது எப்படி என்று அந்த அறையில் ஒருவர்கூடக் கேட்கவில்லை. பிழை குறையவில்லை. எழுதுவதுதான் குறைந்தது.

பிறகு அது நடந்தது. எம்பெடிங் மேசையில் ஓர் இளம் டெக்னீஷியன் வேலை செய்துகொண்டிருந்தார். அடுத்தடுத்த எண்கள் கொண்ட இரண்டு கேசட்டுகள் ஒரே நேரத்தில் திறந்திருந்தன. சின்னச் சின்ன பயாப்சித் துண்டுகள். இடம் மாறிவிட்டதோ என்று அவருக்கு ஒரு சந்தேகம். கோப்பை வருவதற்கு முன்பாக இருந்தால் வேலையை அங்கேயே நிறுத்தியிருப்பார். பதிவேட்டில் எழுதி, கிராசிங் குறிப்பில் உள்ள துண்டுகளின் எண்ணிக்கையோடும் அளவோடும் ஒப்பிட்டிருப்பார். ஆனால் அவருடைய பிரிவுதான் அப்போது கோப்பையை வைத்திருந்தது. பக்கத்தில் இருந்த மூத்தவர், "இப்ப எழுதாதப்பா, ஸ்லைடு வரட்டும், பாத்துக்கலாம்" என்றார்.

ஸ்லைடு வந்தது. இரண்டும் ஒரே உறுப்பின் திசு. ஒன்றில் புற்றுநோய், மற்றதில் இல்லை. பார்த்த மருத்துவருக்குச் சந்தேகப்பட எந்தக் காரணமும் இல்லை. ரிப்போர்ட் போய்விட்டது. ஸ்கேனும் ரிப்போர்ட்டும் பொருந்தவில்லையே என்று சிகிச்சை மருத்துவர் கேட்ட பிறகுதான் விஷயம் வெளியே வந்தது. இரண்டு நோயாளிகளையும் திரும்ப அழைத்து, இரத்தம் எடுத்து, எந்தத் திசு யாருடையது என்று மரபணுச் சோதனையில் உறுதி செய்தார்கள். அதற்குள் ஒருவருக்குச் சிகிச்சை தள்ளிப்போயிருந்தது. இன்னொருவர் தமக்கு இல்லாத புற்றுநோயோடு வாரக்கணக்கில் வாழ்ந்திருந்தார். நடவடிக்கை அந்த இளம் டெக்னீஷியன் மீது பாய்ந்தது. கோப்பையைக் கொண்டுவந்தவர்களிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. இன்று நினைத்தாலும் இது எனக்கு ஆறவில்லை.

பதிவேட்டில் வரும் ஒவ்வொரு வரியும் ஒருவர் தாமாக முன்வந்து கொடுக்கும் தகவல். அதை எழுதினால் தன் பிரிவுக்குக் கெட்ட பெயர் என்று ஆக்கிவிட்டால் அந்தத் தகவல் நின்றுவிடும். பிழை நிற்காது. விமானத் துறை இதை எப்போதோ புரிந்துகொண்டது. அமெரிக்காவில் 1976இல் தொடங்கிய விமானப் பாதுகாப்பு அறிக்கை முறையில், விமானிகளும் மற்றவர்களும் தங்கள் தவறுகளை ரகசியமாகத் தெரிவிக்கலாம். உரிமம் வழங்கும் அமைப்பிடம் அந்த வேலையைக் கொடுக்காமல் நாசாவிடம் கொடுத்ததற்குக் காரணம் நம்பிக்கைதான். மருத்துவ ஆய்வகங்களுக்கான ஐஎஸ்ஓ 15189 தரநிலையும், முறை தவறிய வேலையைக் கண்டுபிடித்து, பதிவு செய்து, திருத்த வேண்டும் என்றுதான் கேட்கிறது. பதிவேடு காலியாக இருக்க வேண்டும் என்று அது எங்கும் கேட்கவில்லை. தணிக்கைக்கு வரும் அனுபவசாலி, காலியான பதிவேட்டைப் பார்த்தால்தான் முதலில் கேள்வி கேட்பார்.

சரி, அப்படியானால் எதைப் பாராட்டுவது? பிழையைப் பிடித்தவரைப் பாராட்டுங்கள். சோதித்துப் பார்க்க வைக்கும் கட்டுப்பாட்டுத் திசுவில் சாயம் ஏறவில்லை என்று கவனித்து அன்றைய தொகுப்பு முழுவதையும் நிறுத்தியவர், விண்ணப்பத்தில் இடது என்றும் பாட்டிலில் வலது என்றும் இருப்பதைப் பார்த்து அறுவை அரங்குக்குத் தொலைபேசியில் பேசியவர், தட்டச்சு செய்யும்போது "இல்லை" என்ற சொல் விட்டுப்போனதைப் பிடித்தவர் என்று எல்லாத் துறையிலும் இப்படி ஆட்கள் இருக்கிறார்கள். பிடித்ததைச் சொல்லுங்கள், அதனால் என்ன மாறியது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். ஒரு நேரத்தில் ஒரு கேசட்தான் திறந்திருக்க வேண்டும் என்ற விதி ஒருவர் எழுதிய ஒரு வரியால் வந்தது என்று தெரிந்தால், அடுத்தவரும் எழுதுவார்.

இதிலும் கவனம் வேண்டும். எத்தனை பிழை பிடித்தார் என்று எண்ணிப் பரிசு கொடுத்தால், அற்ப விஷயங்களால் பதிவேடு நிரம்பிவிடும். அதைவிட முக்கியமானது, பிடித்தவரைப் பாராட்டும்போது செய்தவர் அம்பலமாகக் கூடாது. சிறிய துறையில் "செவ்வாய்க்கிழமை எம்பெடிங்கில்" என்று சொன்னாலே போதும், அன்றைய பணிப்பட்டியல் எல்லோருக்கும் தெரியும். நாளையும் இடத்தையும் விட்டுவிடுங்கள். தன் பிழையைத் தானே எழுதியவருக்கு முதல் நன்றி தனியாகப் போகட்டும். பொதுவில் சொல்லலாமா என்பதை அவரே முடிவு செய்யட்டும்.

முதுநிலை மாணவர்களின் தேர்ச்சிப் பட்டியல்

ஐந்து பேர் தேர்வெழுதி நான்கு பேரின் படம் பலகையில் ஏறினால், ஐந்தாமவர் யார் என்பதையும் நாமே அறிவித்ததாக ஆகிவிடும். முதலில் அவரை அழைத்துப் பேசுங்கள். பலகை இரண்டு நாள் காத்திருக்கும்.

அழகான ஸ்லைடு படம்

விருது பெற்ற கேஸின் படத்தைச் சுவரொட்டியில் போடும் ஆசை புரிகிறது. ஸ்லைடின் ஓரத்தில் இருக்கும் அக்செஷன் எண்ணை (மாதிரியின் பதிவு எண்) மறைத்துவிட்டால் வேலை முடிந்தது என்று நினைக்கிறார்கள். அரிய கட்டி, நோயாளியின் வயது, அறுவை நடந்த மாதம் மூன்றும் சேர்ந்தாலே அவரைத் தெரிந்தவர்கள் கண்டுபிடித்துவிடுவார்கள். உறுப்பின் புகைப்படத்துக்குப் பக்கத்தில் சிரித்த முகங்களோடு நிற்கும் படம் அறவே வேண்டாம். அந்த உறுப்புக்கு உரியவர் மேல்மாடி வார்டில் படுத்திருப்பார்.

உறுதியாகாத செய்தி

விருதோ நிதியோ, கடிதம் கைக்கு வரும்வரை வாய் திறக்காதீர்கள்.

எல்லோரும் வரக்கூடிய நேரம் என்று நினைப்பது

பகல் 12 மணிக்குக் கூட்டம் வைத்தால் பேராசிரியர்கள் எல்லோரும் வருவார்கள். அறுவை அரங்கிலிருந்து ஃப்ரோசன் (அறுவையின் நடுவே உடனடி முடிவுக்காக உறையவைத்துப் பார்க்கும் திசு) வரும் என்று காத்திருப்பவர், பிணவறைப் பணியாளர், இரவுப் பணி முடிந்து வீட்டில் தூங்குபவர், மாதிரி வாங்கும் சாளரத்தை மூட முடியாதவர் என்று இவர்களில் யாரும் வர முடியாது. கடைசியில் பாராட்டப்படுபவரே இல்லாத கூட்டத்தில் அவர் பெயரை வாசித்து முடிப்பார்கள். ஒரு பெரிய விழாவுக்குப் பதில், பணிமாற்ற நேரத்தில் அவருடைய மேசைக்கே துறைத் தலைவர் போய், நின்று ஐந்து நிமிடம் பேசினால் போதும். போகும்போது அவர் என்ன செய்தார் என்பதை முழுதாகத் தெரிந்துகொண்டு போக வேண்டும். பொதுவாக "நல்ல உழைப்பு" என்று சொல்வதற்கு அங்கே போக வேண்டியதில்லை.

ஆண்டு விழாவுக்காகச் செய்தியைச் சேர்த்து வைக்கும் பழக்கமும் இதோடு சேர்ந்ததுதான். ஏப்ரல் 15 உயிர்மருத்துவ ஆய்வக அறிவியல் நாள். நவம்பரில் சர்வதேச நோயியல் தினம் வருகிறது. கொண்டாடுங்கள், நல்லதுதான். ஆனால் ஜூன் மாதம் ஒருவர் செய்ததை அடுத்த ஏப்ரலில் சொன்னால் அவருக்கே பாதி மறந்திருக்கும்.

கேட்காமல் மேடையேற்றுவது

சிலருக்கு அது தண்டனை. முன்பே கேளுங்கள்.

கைதட்டலோடு முடித்துவிடுவது

பாராட்டு எழுத்தில் வர வேண்டும், அதன் ஒரு நகல் பணிக்கோப்புக்குள் போக வேண்டும். பேராசிரியருக்குக் கட்டுரைப் பட்டியல் இருக்கிறது, அது அவருக்காகப் பேசும். ஒப்பந்த முறையில் வேலை செய்யும் டெக்னீஷியனுக்கும் தட்டச்சருக்கும் ஒப்பந்தம் புதுப்பிக்கும் நாளில் காட்டுவதற்குக் கையில் எதுவும் இருக்காது. கடிதத்தில் என்ன செய்தார், எப்போது செய்தார், அதனால் துறையில் எந்த நடைமுறை மாறியது என்று இரண்டு பத்தி எழுதுங்கள். துறைத் தலைவர் கையெழுத்திட்டு, கோப்பு எண்ணோடு அலுவலகத்தில் பதிவாகட்டும். ஒரு பிரதி அவர் கையில் கொடுங்கள். பணியாளர் பிரிவுக்கு அனுப்பியதைச் சேர்த்துவிட்டார்களா என்று அடுத்த வாரம் நேரில் போய்ப் பாருங்கள். அனுப்பிய கடிதம் பல நேரங்களில் கோப்புக்குள் போய்ச் சேர்வதில்லை.