சென்னையில் ஓட்ட ஒரு ஃபோர் வீல் டிரைவ் வண்டி: ஒப்பிட்டுத் தேர்ந்தெடுக்கும் முறை

ஞாயிற்றுக்கிழமை மண்பாதையில் இறங்கவும் வேண்டும், திங்கட்கிழமை காலை ஓ.எம்.ஆர். நெரிசலில் அலுவலகம் போய்ச் சேரவும் வேண்டும் என்று ஒரே வண்டியிடம் இரண்டு வேலைகளை எதிர்பார்ப்பவர்களுக்காக இந்த விளக்கம் எழுதப்படுகிறது. ஷோரூமில் முதலில் காட்டப்படுவது தொடுதிரையும் சன்ரூஃபும்தான். நாம் ஒப்பிட வேண்டியவற்றில் பெரும்பகுதி வண்டியின் அடியில் இருக்கிறது. கீழே உள்ள வரிசைப்படி பார்த்து வந்தால், விலை பேச உட்காருவதற்கு முன்பே உங்கள் பட்டியல் இரண்டு அல்லது மூன்று வண்டிகளாகச் சுருங்கிவிடும்.

படி 1: எங்கே ஓட்டப் போகிறீர்கள் என்று எழுதுங்கள்

இப்போதுள்ள காரில் போக முடியாமல் திரும்பிய இடங்களையும், போனபோது அடி தட்டிய இடங்களையும் ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். செங்கல்பட்டுப் பக்கத்துத் தோப்புக்குப் போகும் வண்டித்தடம், மழைக்குப் பின் சேறாகும் ஏரிக்கரை, மலையில் எஸ்டேட்டுக்குள் ஏறும் கல் பாதை ஆகியவை அந்தத் தாளில் இடம்பெறத் தக்கவை. கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகள் இடம்பெறத் தக்கவை அல்ல, ஏனென்றால் அது தார்ச்சாலை. சாதாரண காரே அங்கு ஏறி இறங்குகிறது. தாள் காலியாகவே இருந்தால், உயரமான ஒரு சாதாரண எஸ்.யு.வி.யை வாங்கி, மிச்சமாகும் பணத்துக்கு நல்ல டயர் போட்டுக்கொள்வதே என் கருத்தில் சரியான முடிவு.

படி 2: எந்த வகை இயக்கம் என்று பிரித்துப் பாருங்கள்

பெயரை மட்டும் பார்த்து ஏமாறுவது இங்கேதான் அதிகம் நடக்கிறது. சாலையில் நாம் பார்க்கும் மஹிந்திரா தார் எல்லாமே ஃபோர் வீல் டிரைவ், அதாவது எஞ்சின் நான்கு சக்கரங்களையும் இயக்கும் வண்டி, அல்ல. 2023 ஜனவரியில் வெளிவந்த 1.5 லிட்டர் டீசல் தார், பின் சக்கரங்களை மட்டுமே இயக்குகிறது. டொயோட்டா ஃபார்ச்சூனர், மஹிந்திரா ஸ்கார்ப்பியோ என், இசுசூ பிக்கப் ஆகியவற்றிலும் இரண்டு சக்கர இயக்கம் உள்ள மாடல்கள் உண்டு. ஆகவே மாடலின் முழுப் பெயரைக் கேட்டு உறுதி செய்துகொள்ளாமல் முன்பணம் கட்டக் கூடாது.

நான்கு சக்கரங்களையும் இயக்கும் வண்டிகளிலும் இரண்டு வகைகள் உள்ளன. மாருதி கிராண்ட் விட்டாரா ஆல்கிரிப், ஜீப் காம்பஸ் போன்றவை முதல் வகை. இவை பெரும்பாலான நேரம் முன் சக்கரங்களால் ஓடி, வழுக்கும்போது மின்னணுக் கட்டுப்பாட்டில் உள்ள ஒரு கிளட்ச் மூலம் பின் சக்கரங்களுக்கும் விசையை அனுப்புகின்றன. ஓட்டுபவருக்கு எந்த வேலையும் இல்லை. மழை பெய்த மலைச்சாலைக்கும் ஈரப் புல்வெளிக்கும் இது தாராளமாகப் போதும். ஆனால் ஆழமான மணலில் நீண்ட நேரம் உழன்றால் அந்த கிளட்ச் சூடேறி, பின் சக்கரங்களுக்குப் போகும் விசை நின்றுவிடக்கூடும்.

மாருதி ஜிம்னி, ஃபோர் வீல் டிரைவ் தார், அதன் ஐந்து கதவு வடிவமான தார் ராக்ஸ், ஃபோர்ஸ் கூர்க்கா, ஃபார்ச்சூனர் ஆகியவை இரண்டாவது வகை. இவற்றில் டிரான்ஸ்ஃபர் கேஸ் என்ற தனிப் பெட்டி இருக்கிறது. சாதாரணமாகப் பின் சக்கரங்கள் மட்டும் ஓட, தேவைப்படும்போது லிவரையோ திருகையோ மாற்றினால் முன் சக்கரங்களும் சேர்ந்துகொள்ளும். ‘ஃபோர் லோ’ என்ற நிலை இதில்தான் கிடைக்கிறது: சக்கரத்தில் சேரும் முறுக்குவிசை ஏறத்தாழ இரண்டு முதல் இரண்டரை மடங்காகக் கூடி, வேகம் அதே விகிதத்தில் குறைந்துவிடுவதால், செங்குத்தான கல்மேட்டை கிளட்சைக் கருக்காமல் நடை வேகத்தில் ஏற முடிகிறது, இறங்கும்போதும் பிரேக்கை நம்பாமல் எஞ்சினே வண்டியைப் பிடித்துக்கொள்கிறது. படி 1 தாளில் கல் பாதையோ மணலோ இருந்தால், ஃபோர் லோ இல்லாத வண்டிகளை இப்போதே அடித்துவிடலாம்.

இந்த வகையில் ஒரு கட்டுப்பாடு உண்டு. ஃபோர் வீலில் போட்டுக் காய்ந்த தார்ச்சாலையில் வளைக்கக் கூடாது. வளைவில் முன் சக்கரங்களும் பின் சக்கரங்களும் வெவ்வேறு தூரம் உருள வேண்டும்; டிரான்ஸ்ஃபர் கேஸ் இரண்டையும் ஒரே வேகத்தில் பூட்டிவிடுவதால், ஸ்டியரிங் கனத்து, டயர் தரையில் தேய்ந்து முனகி, யாரோ பின்னாலிருந்து இழுப்பது போல வண்டி தயங்கும். அப்படியே ஓட்டினால் கியர்களும் ஷாஃப்ட்டும் பழுதாகும். ஆகவே நகரத்துக்குள் இந்த வண்டிகள் அனைத்தும் வெறும் பின் சக்கர இயக்க வண்டிகளே. தார்ச்சாலையில் கூடுதல் பிடிமானம் கிடைக்கும் என்று நினைத்து இவற்றை வாங்க வேண்டாம்.

படி 3: அளவு டேப்புடன் குனிந்து பாருங்கள்

ஷோரூமுக்கு ஒரு டேப்பும் டார்ச்சும் எடுத்துச் செல்லுங்கள். விளக்கக் கையேட்டில் உள்ள கிரவுண்ட் கிளியரன்ஸ் (வண்டியின் அடிக்கும் தரைக்கும் உள்ள இடைவெளி), ஜிம்னிக்கு 210 மில்லிமீட்டர், மூன்று கதவுத் தாருக்கு 226, கூர்க்காவுக்கு 233. இந்த எண்ணைவிட, மிகத் தாழ்ந்த பாகம் எங்கே இருக்கிறது என்பதே முக்கியம். இடது, வலது சக்கரங்களுக்கு விசையைப் பிரித்துக் கொடுக்கும், பின் ஆக்சிலின் நடுவில் தொங்கும் டிஃபரன்ஷியல் உருண்டைதான் பெரும்பாலும் முதலில் கல்லில் இடிக்கும். அது நடுவிலிருந்து எந்தப் பக்கம் தள்ளி இருக்கிறது என்று பார்த்து வைத்துக்கொண்டால், பெரிய கல்லை எந்தப் பக்கமாக விட வேண்டும் என்பது பின்னால் தானாக வரும். எஞ்சின் ஆயில் தேங்கும் சம்ப், டிரான்ஸ்ஃபர் கேஸ் ஆகியவற்றுக்கு அடியில் தகடு இருக்கிறதா என்பதையும் கவனியுங்கள்.

அடுத்தது கோணங்கள். மேட்டில் ஏறத் தொடங்கும்போது முன் பம்பர் இடிக்காத கோணம், இறங்கி முடிக்கும்போது பின்புறம் இடிக்காத கோணம், மேட்டின் உச்சியில் வயிறு தட்டாத கோணம் என மூன்று உண்டு. புதியவர்கள் முதல் இரண்டை மட்டும் ஒப்பிடுகிறார்கள். என் அனுபவத்தில் வண்டிகள் அதிகம் மாட்டிக்கொள்வது மூன்றாவதில்தான், ஏனென்றால் வயிறு தரையில் அமர்ந்துவிட்டால் நான்கு சக்கரங்களும் சேர்ந்தே பிடியை இழக்கின்றன. இந்தக் கோணம் முன் பின் சக்கரங்களுக்கு இடையிலான நீளத்தைப் பொறுத்தது. வெளிநாடுகளில் விற்கும் மூன்று கதவு ஜிம்னிக்கு அது 28 பாகை. இங்கு விற்கும் ஐந்து கதவு ஜிம்னியின் சக்கர இடைவெளி 2,590 மில்லிமீட்டராக நீட்டப்பட்டதால் 24 பாகையாகக் குறைந்தது. தாரும் அப்படியே: 2,450 மில்லிமீட்டர் இடைவெளி உள்ள மூன்று கதவு வண்டிக்கு 27 பாகை, 2,850 மில்லிமீட்டர் உள்ள ராக்ஸுக்கு ஏறத்தாழ 24. பின் இருக்கையில் கிடைக்கும் கால் வசதிக்கு நாம் கொடுக்கும் விலை இது. நகரத்தையும் கணக்கில் வைத்தால் கொடுக்கத் தக்க விலை என்றே நான் சொல்வேன்.

படி 4: டிஃப் லாக் (டிஃபரன்ஷியல் பூட்டு) பற்றிக் கேளுங்கள்

ஃபோர் வீல் டிரைவ் என்றால் நான்கு சக்கரங்களும் எப்போதும் இழுக்கும் என்று பலர் நம்புகிறார்கள். குண்டும் குழியுமான தடத்தில் முன் இடது சக்கரமும் பின் வலது சக்கரமும் ஒரே நேரத்தில் அந்தரத்தில் தூக்கிக்கொண்டால், பூட்டு இல்லாத டிஃபரன்ஷியல் எளிதாகச் சுற்றும் அந்த இரண்டு சக்கரங்களுக்கே விசையை விட்டுவிடும். தரையில் இருக்கும் மற்ற இரண்டும் சும்மா நிற்கும்.

இதற்கு மூன்று தீர்வுகள் உள்ளன. ஜிம்னி, சுற்றும் சக்கரத்துக்கு மட்டும் பிரேக் போட்டு, மறுபக்கச் சக்கரத்துக்கு விசையைத் திருப்புகிறது. அப்போது காலடியில் ‘டரர்’ என்ற சத்தமும் அதிர்வும் வரும். புதியவர்கள் ஏதோ உடைந்துவிட்டது என்று ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்துவிடுகிறார்கள். எடுக்காமல் ஒரே சீராக மிதித்துக்கொண்டிருந்தால்தான் அந்த ஏற்பாடு வேலை செய்யும். தாரின் உயர் மாடல்களில் பின் ஆக்சில் தானாகவே இயந்திர முறையில் பூட்டிக்கொள்கிறது. கூர்க்காவில் முன், பின் இரண்டு ஆக்சில்களையும் ஓட்டுபவரே லிவரைத் தூக்கிப் பூட்டலாம். கடினமான தடத்தில் கூர்க்காவுக்கு இணை இந்த விலைக்குள் இல்லை. ஆனால் அந்தக் கடினமான தடம் உங்கள் தாளில் இருக்கிறதா என்று மறுபடியும் பாருங்கள்.

படி 5: தண்ணீர்

2015 டிசம்பர் வெள்ளத்தையும் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலையும் பார்த்த ஊரில் இந்தப் படியைத் தவிர்க்க முடியாது. தாருக்கு 650 மில்லிமீட்டர், எஞ்சினுக்கான காற்றை உயரத்திலிருந்து எடுக்கும் மூக்குக்குழல் பொருத்தியே வரும் கூர்க்காவுக்கு 700 மில்லிமீட்டர் ஆழம் வரை போகலாம் என்று தயாரிப்பாளர்கள் அறிவித்திருக்கிறார்கள். 650 என்பது நடுத்தர உயரமுள்ளவரின் முழங்காலுக்குச் சற்று மேல். அந்த அளவு, அசையாத நீரில் மெதுவாகப் போவதற்கு மட்டுமே பொருந்தும். வேகமாகப் போனால் எழும் அலை எஞ்சினுக்குக் காற்று போகும் வழியை எட்டிவிடும். சிலிண்டருக்குள் தண்ணீர் புகுந்தால் அது அழுந்தாது, பிஸ்டனுடன் இணைந்த கனெக்டிங் ராடு வளைந்துவிடும். சாதாரணக் காப்பீடு இந்தச் சேதத்தைப் பெரும்பாலும் ஏற்பதில்லை என்பதால், எஞ்சின் பாதுகாப்புக்கான கூடுதல் பிரிவைச் சேர்த்துக்கொள்ளுங்கள். ஆழம் தெரியாத வேளச்சேரித் தெருவில் திறந்து கிடக்கும் மழைநீர் வடிகாலுக்கு எந்த வண்டியும் தீர்வல்ல. வேகமாகப் போகும் பெரிய வண்டி எழுப்பும் அலை தரைத்தள வீடுகளுக்குள்தான் போய் முடிகிறது என்பதையும் ஓட்டுபவர் நினைவில் வைக்க வேண்டும்.

படி 6: அன்றாடத்துக்கு ஒத்துவருமா என்று சோதியுங்கள்

அடுக்குமாடிக் குடியிருப்பில் ஒரு காருக்கு ஒதுக்கப்படும் இடம் வழக்கமாக 2.5 மீட்டர் அகலமும் 5 மீட்டர் நீளமும் கொண்டது. ஹைலக்ஸ், இசுசூ வி-கிராஸ் ஆகிய பிக்கப்புகள் ஏறத்தாழ 5.3 மீட்டர் நீளம். மூக்கு வெளியே நீட்டிக்கொண்டே இருக்கும், சங்கத்தில் புகார் வரும். ஃபார்ச்சூனர் 4.8 மீட்டருக்குள் அடங்கினாலும், இரண்டு தூண்களுக்கு நடுவில் கதவைத் திறந்து இறங்க இடம் இருக்கிறதா என்று அளந்து பார்க்க வேண்டும். 1,645 மில்லிமீட்டர் அகலமே உள்ள ஜிம்னி, மயிலாப்பூர் மாட வீதிகளிலும் சௌகார்பேட்டைச் சந்துகளிலும் மற்ற எல்லாவற்றையும்விடச் சுலபமாக நுழைந்து வரும்.

டெஸ்ட் டிரைவை மாலையில் வைக்காமல், வெயில் உச்சியில் இருக்கும் இரண்டு மணிக்குக் கேளுங்கள். வீட்டுப் பெரியவர்களை அழைத்துச் சென்று பின் இருக்கையில் ஏற்றி, நீங்களும் அருகில் உட்கார்ந்து, வேறொருவரை ஓட்டச் சொல்லி இரண்டு மூன்று வேகத்தடைகளைத் தாண்டுங்கள். மூன்று கதவுத் தாரில் முன் இருக்கையை மடக்கித்தான் பின்னால் ஏற வேண்டும். முழங்கால் வலி உள்ளவர்களால் அது முடியாது. ஜிம்னியில் ஏறுவது எளிது, ஆனால் நான்கு பேருக்குத்தான் இடம், அதிலும் பின்னால் ஏ.சி. துவாரம் இல்லை. ஐந்து பேர் வசதியாக உட்கார்ந்து, ஏ.சி. காற்றும் பின்னால் வர வேண்டுமென்றால் ராக்ஸ் தேறும். அதில் ஃபோர் வீல் டிரைவ் டீசலுக்கு மட்டுமே உண்டு. கூர்க்காவில் ஆட்டோமேட்டிக் கியர் கிடையாது. கத்திப்பாரா நெரிசலில் அந்த கிளட்சை மிதித்துப் பார்த்த பிறகு முடிவு செய்யுங்கள்.

செலவுக் கணக்கில் ஆயுட்கால வரியை மறக்க வேண்டாம். 2023 இறுதியில் மாற்றப்பட்ட விகிதப்படி தமிழ்நாட்டில் 10 லட்சத்துக்கு மேல் 20 லட்சம் வரையுள்ள வண்டிக்கு 18 விழுக்காடும், அதற்கு மேல் 20 விழுக்காடும் கட்ட வேண்டும்.

பழைய வண்டி பார்ப்பவர்களுக்கு ஒரு குறிப்பு. மறைமலை நகரில் தயாரான ஃபோர்டு எண்டவர் சென்னையில் இன்னும் நிறையக் கைமாறுகிறது. எந்தப் பழைய வண்டியானாலும், மண் தரையில் ஃபோர் லோவில் போட்டுச் சில மீட்டர் முன்னும் பின்னும் ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். ‘அதெல்லாம் யூஸ் பண்ணதே இல்ல சார்’ என்று விற்பவர் பெருமையாகச் சொன்னால், பயன்படுத்தாமலே இறுகிப்போன லிவராக இருக்கலாம்.

படி 7: டயரும் மாற்றங்களும்

வாரத்தில் ஆறு நாள் தார்ச்சாலை என்றால், சாலைக்கும் மண்ணுக்கும் பொதுவான ஆல் டெரெய்ன் டயர் போதும். சேற்றுக்கென்று செய்யப்படும் மட் டெரெய்ன் டயர் நெடுஞ்சாலையில் இரைச்சல் போடும், ஈரமான தார்ச்சாலையில் பிடிப்பும் குறையும். அவ்வளவு பெரிய பள்ளங்கள் கொண்ட டயரும் ஏரிக்களிமண்ணில் நாலு சுற்றுச் சுற்றினால் மண் அப்பி வழவழப்பாகிவிடும் என்பது வேறு. முன் பம்பருக்கு மேல் இரும்பு புல்பார் என்ற கம்பித் தடுப்பை மாட்ட வேண்டாம். அது மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவுக்கு எதிரானது என்று மத்திய அரசு 2017 டிசம்பரில் மாநிலங்களுக்கு எழுதியிருக்கிறது.

படி 8: முதல் பயிற்சி

கடற்கரையை விட்டுவிடுங்கள். ஜனவரி முதல் ஏப்ரல் வரை கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டிய மணலில் பங்குனி ஆமைகள் முட்டையிடுகின்றன. மற்ற மாதங்களிலும் உப்பு நீர் வண்டியின் அடியை அரித்துவிடும். காப்புக்காட்டுக்குள் அனுமதியின்றி நுழைவது குற்றம். உரிமையாளர் சம்மதித்த தோப்போ, கட்டணம் வாங்கும் தனியார் பயிற்சித் தளமோதான் சரியான இடம். தனியாகப் போகாமல், இன்னொரு வண்டியுடன் போங்கள்.

தளர்ந்த மணல் என்றால் இறங்குவதற்கு முன் டயர் காற்றை 18 பி.எஸ்.ஐ. அளவுக்குக் குறையுங்கள், டயர் நீளவாக்கில் பரந்து தரையைப் பிடிக்கும். ஜிம்னி ஃபோர் வீல் டிரைவ் தாரைவிடச் சுமார் அரை டன் எடை குறைவு என்பதன் பலன் இங்கே தெரியும். வண்டியை நிறுத்தி, நியூட்ரலில் போட்டு, ஃபோர் லோவுக்கு மாற்றி, டேஷ்போர்டில் விளக்கு சிமிட்டுவது நின்று நிலையாக எரிகிறதா என்று பார்த்த பிறகே நகருங்கள். சக்கரம் சுற்றத் தொடங்கினால் மேலும் மிதிக்காதீர்கள், ஆக்சில் வரை புதைந்துவிடும். வந்த தடத்திலேயே பின்வாங்குங்கள். இழுக்க நேர்ந்தால் கயிற்றை இழுவைக்கென்று உள்ள கொக்கியில் மட்டும் மாட்டுங்கள், பம்பரிலோ ஆக்சிலிலோ கட்டக் கூடாது, கயிற்றின் வாக்கில் ஒருவரும் நிற்கக் கூடாது.

திரும்பும் முன் சிறிய கம்ப்ரசரால் காற்றைப் பழைய அளவுக்கு நிரப்புங்கள். குறைந்த காற்றுடன் ஜி.எஸ்.டி. சாலையில் வேகமெடுத்தால் டயரின் பக்கச்சுவர் சூடேறி வெடித்துவிடும். ஆழமான தண்ணீரில் இறங்கியிருந்தால் அந்த வாரத்திலேயே டிஃபரன்ஷியல் ஆயிலைத் திறந்து பார்க்கச் சொல்லுங்கள். ஆயில் பால் கலந்தது போல வெளுத்திருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது என்று பொருள். அதை அப்போதே வடித்து மாற்றிவிட வேண்டும்.