ட்லாடெலோல்கோ சந்தைக்குப் போய் உதை வாங்காமல் திரும்புவது எப்படி?

வருடம் 1515 என்று வைத்துக்கொள்வோம். ஸ்பெயின்காரர்கள் வர இன்னும் நாலு வருஷம் இருக்கிறது. இன்றைய மெக்சிகோவில், டெக்ஸ்கோகோ ஏரிக்கு நடுவில் அஸ்டெக்குகளின் தலைநகர் டெனோச்டிட்லான், அதை ஒட்டியே ட்லாடெலோல்கோ, அங்கேதான் பெரிய சந்தை. அப்புறம் வந்து பார்த்த ஸ்பெயின் படைத்தலைவர் கோர்டெஸ், தினமும் 60,000 பேருக்கு மேல் வாங்கி விற்கிறார்கள் என்று தன் ராஜாவுக்கு எழுதினார். அவர் கொஞ்சம் கூட்டிச் சொல்கிற ஆள்தான், பாதியாகக் குறைத்தாலும் பிரம்மாண்டமான கூட்டம். அதில் நீங்கள் வெளியூர் ஆளாகப் போய் இறங்குகிறீர்கள். சரி, என்னென்ன தெரிந்திருக்க வேண்டும்?

முதலில் பணம். நாணயம் கிடையாது, சில்லறைக்குக் கொக்கோ கொட்டைதான். எண்ணிக்கை இருபது இருபதாகப் போகும்: 20, அடுத்து 400, அடுத்து 8000. நம்மைப் போலப் பத்து நூறு என்று கணக்குப் போட்டுக்கொண்டு நின்றால் ஏமாந்துவிடுவீர்கள். மீதிச் சில்லறை வாங்கும்போது ஒவ்வொரு கொட்டையையும் விரலால் அழுத்திப் பாருங்கள், ஏனென்றால் கள்ளப்பணம் அங்கேயும் உண்டு. கொட்டையின் தோலைப் பக்குவமாகப் பிரித்து, உள்ளே இருப்பதை எடுத்துவிட்டு, கீரை விதை மாவையோ மெழுகையோ அவகேடோ கொட்டைத் துண்டையோ அடைத்துத் திரும்ப மூடிவிடுவார்கள். சூம்பிப்போன கொட்டையை ஊதிப் பெருக்கிக் காட்டுகிறவர்களும் இருக்கிறார்கள். கையில் எடுத்தால் தெரியும், கும்பலாக அள்ளிக் கொடுத்தால் தெரியாது. அதனால் அள்ளி வாங்காதீர்கள், எண்ணி வாங்குங்கள்.

விலை எவ்வளவு என்றால், நம் கைக்குக் கிடைத்திருப்பது 1545ல் ட்லாக்ஸ்காலா ஊரில் எழுதிவைத்த பட்டியல். அது ஸ்பெயின் ஆட்சி வந்த பிறகு எழுதியது, ஒரு மதிப்புக்கு வைத்துக்கொள்ளலாம். பெட்டை வான்கோழி நல்ல கொட்டையாக இருந்தால் 100, சூம்பின கொட்டையாக இருந்தால் 120. வான்கோழி முட்டை 3. அப்போதுதான் பறித்த அவகேடோ 3 கொட்டை, நன்றாகப் பழுத்ததென்றால் 1 தான். ஆக, அன்று மாலையே சாப்பிடப் போகிறீர்கள் என்றால் பழுத்ததையே கேட்டு வாங்குங்கள்.

பெரிய கொள்முதலுக்குக் கொட்டை எண்ணிக்கொண்டிருக்க முடியாது. அதற்குப் பருத்திச் சால்வை இருக்கிறது. தரத்தைப் பொறுத்து ஒரு சால்வைக்கு 65, 80, 100 கொட்டை என்று போகும். இருபது சால்வை இருந்தால் ஒரு சாதாரண ஆள் ஒரு வருஷம் ஓட்டிவிடலாம் என்பது கணக்கு.

இங்கே ஒரு விவகாரம் இருக்கிறது. அஸ்டெக் அரசர் முதலாம் மொக்டெசுமா போட்ட சட்டப்படி சாதாரண ஆட்கள் பருத்தி உடுத்தக் கூடாது, கற்றாழை நார்த்துணிதான். அதுவும் முழங்காலுக்குக் கீழே இறங்கக் கூடாது, இறங்கினால் உயிர் போகும். போரில் காலில் காயம்பட்டவனுக்கு மட்டும் விலக்கு. ஆக, பருத்திச் சால்வையைப் பணமாகத் தோளில் சுமந்துகொண்டு போகலாம், அதையே குளிருக்குப் போர்த்திக்கொண்டால் குற்றம். எனக்கு இந்தச் சட்டம்தான் அந்தச் சமூகத்தைப் பற்றி மற்ற எல்லாவற்றையும் விட அதிகமாகச் சொல்வதாகப் படுகிறது.

அடுத்து, தராசு தேடாதீர்கள். எடை போட்டு விற்கிற வழக்கமே இல்லை, எண்ணிக்கை அல்லது படி அளவுதான். கண்காணிப்பாளர்கள் கூட்டத்துக்குள் சுற்றிக்கொண்டே இருப்பார்கள். அளவுப் பாத்திரம் தப்பாக இருந்தால் அந்த இடத்திலேயே உடைத்துப் போடுவார்கள். உங்களுக்குச் சந்தேகம் வந்தால் கடைக்காரியோடு மல்லுக்கு நிற்காமல் நேராகச் சந்தைத் திடலில் இருக்கிற பெரிய கட்டடத்துக்குப் போங்கள். அங்கே பத்துப் பன்னிரண்டு நீதிபதிகள் எப்போதும் உட்கார்ந்திருப்பார்கள், வாய்தா எல்லாம் கிடையாது, அங்கேயே தீர்ப்பு. சந்தை நிர்வாகம் போச்டேகா என்கிற தூரதேச வணிகர்களின் கையில் இருப்பதால் சரக்கைப் பற்றி அவர்களுக்குக் கதை விட முடியாது. திருடி மாட்டிக்கொண்டால் மட்டும் பேச்சே இல்லை, சந்தையிலேயே அடித்துக் கொன்றுவிடுவார்கள். விற்க வந்தவர் என்றால் வழியில் கடை விரிக்காதீர்கள், சந்தைக்கு வெளியே விற்பது தடை.

பெரிய வழக்கு என்றால் நகர நீதிமன்றம். சாதாரண ஆட்களுக்கு ஒன்று, பிரபுக்களுக்கு ஒன்று. எதிராளி பிரபு என்பதற்காகப் பயந்து பின்வாங்க வேண்டாம். ஒரு பிரபுவுக்குச் சாதகமாக, சாதாரண ஆளுக்கு எதிராகத் தீர்ப்புச் சொன்ன நீதிபதியை பக்கத்து நகரமான டெக்ஸ்கோகோவின் அரசர் நெசவால்பில்லி தூக்கில் போட்டதாகப் பதிவு இருக்கிறது. எழுத்தர்கள் வழக்கைச் சித்திர எழுத்தில் குறித்துவைப்பார்கள். டெக்ஸ்கோகோவில் எந்த வழக்கும் 80 நாளுக்கு மேல் இழுக்கக் கூடாது என்பது விதி. நீதிபதிக்கு ஏதாவது கொடுத்துக் காரியம் சாதிக்கலாம் என்ற எண்ணம் மட்டும் வேண்டாம், பெரிய அளவில் கை நீட்டிய நீதிபதிக்கும் மரண தண்டனைதான்.

கடன் விஷயத்தில் ரொம்ப ஜாக்கிரதை. பட்டோலி என்று ஒரு சூதாட்டம், பீன்ஸைப் பகடையாக உருட்டி ஆடுவார்கள், அதில் தோற்றுத் தன்னையே விற்றுக்கொண்டவர்கள் உண்டு. விலை பெரும்பாலும் அதே இருபது சால்வை, சாட்சிக்கு நாலு பெரியவர்கள். வாங்கிய சால்வை செலவாகித் தீரும் வரை சுதந்திரமாகத் திரியலாம், அப்புறம்தான் எஜமானிடம் போக வேண்டும். அடிமையாக இருந்தாலும் சொத்து வைத்துக்கொள்ளலாம், பிறக்கிற பிள்ளைகள் அடிமை ஆக மாட்டார்கள். ஒருவேளை உங்களை அடிமைச் சந்தைக்கே கொண்டுபோய்விட்டால், ஓடி அரண்மனைக்குள் நுழைந்துவிடுங்கள், விடுதலை. எஜமானும் அவர் மகனும் மட்டும்தான் துரத்தலாம், குறுக்கே வேறு யாராவது புகுந்து தடுத்தால் அந்த ஆளே அடிமை. எனவே கூட்டத்தைப் பார்த்துப் பயப்படாமல் ஓடலாம், அந்த இரண்டு பேரை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

எல்லாம் நல்லபடியாக முடிந்து வியாபாரம் லாபமாக அமைந்தால் கொண்டாடத் தோன்றும். கற்றாழைக் கள் பக்கம் போகாதீர்கள். வயது எழுபது ஆகிவிட்டால் தாராளமாகக் குடிக்கலாம், யாரும் கேட்க மாட்டார்கள். அதற்குக் கீழே என்றால் டெக்ஸ்கோகோ சட்டப்படி முதல் தடவை ஊர் பார்க்கத் தலையை மழித்து வீட்டையும் இடிப்பார்கள், இரண்டாவது தடவை மரணம். பிரபுவாக இருந்தால் முதல் தடவையே மரணம்தான். தாகம் எடுத்தால் சந்தையிலேயே மக்காச்சோளக் கஞ்சி விற்பார்கள், அதைக் குடித்துவிட்டுப் படகு ஏறுங்கள்.